எதிர்க்கடையில் ஒரு டீ

லாத்தாவிடமிருந்து காலையில் செய்தி வந்தால் அதில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இருக்காது. ஒரு முகவரி இருக்கும். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "டீ குடிச்சுட்டு வா தம்பி."

எனக்கு டீ பிடிக்காது. காரைக்கால் பக்கம் பூவத்தில் எங்கள் வீட்டில் காலையில் காபி, சாயங்காலம் காபி, விருந்தாளி வந்தால் காபி, வந்தவர் போனால் அப்பாடா என்று இன்னொரு காபி. டீ குடித்தால் நெஞ்செரிச்சல் வந்துவிடும் எனக்கு. இது லாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நான் சென்னையில் இருந்த காலம் முழுக்க கிண்டி, பெருங்குடி, அம்பத்தூர் என்று ஊரெல்லாம் டீக்கடை டீக்கடையாக என்னை நிற்கவைத்தார். ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"காபி குடிச்சா ஆகாதா லாத்தா?"

"காபி குடிக்கிறவன் உக்காந்து குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவான். டீ குடிக்கிறவன்தான் நின்னு பேசுவான். போ, போயி குடி."

இதை எந்தக் காலேஜில் படித்தாரோ தெரியவில்லை.

லாத்தா என்பது அவருடைய பெயர் இல்லை. காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் குழுவில் கடற்கரைப் பிள்ளைகள் உண்டு, வயல்காட்டுப் பிள்ளைகள் உண்டு, கடைத்தெருப் பிள்ளைகள் உண்டு. எல்லோருக்கும் அவர் லாத்தாதான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கம்ப்யூட்டர் படித்தவர். கணவர் துபாயில். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே யார் யாருக்கோ துண்டு துண்டாக கோடிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

குழு என்றால் பெரிய சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் கோடிங் தெரிந்தவர்கள், கற்றுக்கொண்டிருப்பவர்கள், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் சேர்ந்த ஒரு கூட்டம். மூன்றாவது வகையில் நானும் ஒருவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டீக்கடையின் மாடியில், லாத்தாவின் மாமா ஒரு காலத்தில் துணி மூட்டை போட்டுவைத்திருந்த அறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவோம். ஒருத்தர் புதிதாகப் படித்ததைச் சொல்லித் தருவார், மற்றவர்கள் அவரைக் குடைவார்கள். படித்து முடித்து ஊரைச் சுற்றி வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த அறைதான் போக்கிடம். வேலை காலியிருக்கும் செய்திகளும் அங்கேதான் பிறக்கும்.

பிறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. மற்ற குழுக்களில் வேலைச் செய்திகள் மழைக்கால ஈசல் மாதிரி வந்து விழும். எவனோ எவனுக்கோ அனுப்பியதை இவன் இங்கே தள்ளுவான். எங்கள் குழுவில் அது நடக்காது. "எவனாவது வந்ததை அப்படியே தள்ளிவிட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்று லாத்தா முதல் நாளே சொல்லிவிட்டார். யாருக்கு எந்த வேலைச் செய்தி கிடைத்தாலும் அவரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். அவர் விசாரிப்பார். ஒரு வாரம் ஆனாலும் சரி. விசாரித்து, தன் கைப்பட, தமிழில் ஐந்து வரி எழுதிப் போடுவார். என்ன வேலை, யாருக்குக் கீழே வேலை, சாயங்காலம் நிஜமாக எப்போது வீட்டுக்கு விடுகிறார்கள், அந்த இடத்தில் முன்னால் யார் இருந்தார், அவர் ஏன் போனார். கடைசி வரி எப்போதும், எதிர்க்கடை என்ன சொல்கிறது.

அதென்ன எதிர்க்கடை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். லாத்தா தன் கல்யாணக் கதையைச் சொல்லுவார்.

"எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப வாப்பா என்னா பண்ணாங்க? அவங்க வீட்டுக்குப் போயி பிரியாணி தின்னுட்டு சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டாங்களா? எங்க மாமாவை அனுப்பி அவங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற கடையில ஒரு நாள் முழுக்க உக்கார வெச்சாங்க. கடைக்காரருகிட்ட, வெத்தலை வாங்க வந்தவங்ககிட்ட, எல்லாத்துக்கிட்டயும் விசாரிச்சாங்க. வீட்டுக்காரங்க என்னா சொல்லுவாங்க? எம் புள்ள தங்கம்பாங்க. எதிர்க்கடைக்காரனுக்குத்தானே தெரியும், அந்தத் தங்கம் சாயங்காலம் எப்படி வீட்டுக்கு வருதுன்னு. எனக்கே அவ்ளோ விசாரிச்சாங்கன்னா, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நீங்க குடித்தனம் பண்ணப் போற இடத்தை விசாரிக்க வேணாமா? மூஞ்சியப் பாரு, பெரிய ஆப்பர் லெட்டர நீட்டுறான்!"

எங்களில் முதலில் வேலை கிடைத்து வெளியூர் போனவர்கள்தான் லாத்தாவின் விசாரணைப் படை. குழு மூலமாக வேலைக்குப் போகிறவனுக்கு லாத்தா வைக்கும் ஒரே நிபந்தனை இதுதான். நீ இருக்கிற ஊரில் ஒரு கம்பெனியின் பெயர் வந்தால், போய் அதற்கு எதிரே நின்று ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். சாக்குப்போக்கு கிடையாது.

என் முதல் டீ பெருங்குடியில். கண்ணாடி மாளிகை மாதிரி கட்டடம். அதைப் பார்த்ததும் எனக்கே அங்கே வேலை கேட்கலாமா என்று ஆசை வந்துவிட்டது. எதிரே ஒரு வேப்பமரத்தடியில் கடை. டீயை வாங்கிக்கொண்டு, "அந்தக் கம்பெனி எப்படிண்ணே?" என்று கேட்டேன். மாஸ்டர் கட்டடத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெனம் புது மூஞ்சியா வருது தம்பி. இவனுக்கு சர்க்கரை கம்மி, அவனுக்கு ஸ்ட்ராங்னு நான் பழகறதுக்குள்ள ஆள் மாறிடுது."

அவ்வளவுதான் சொன்னார். நான் அதை அப்படியே லாத்தாவிடம் சொன்னேன். அந்த வேலைச் செய்தி குழுவுக்கு வரவே இல்லை. எங்களில் ஒருத்தன் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறி, நேரே விண்ணப்பம் போட்டு அங்கேயே சேர்ந்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது தாடி வளர்த்திருந்தான், திரும்பிப் போகவில்லை. லாத்தா அவனிடம் நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அடுத்த வேலை கெடைச்சு சென்னைக்குப் போனா அந்த ஏரியா டீ உன் பொறுப்பு" என்றார். பயல் அழுதுவிட்டான்.

எனக்குக் கிடைத்த வேலை நேர் எதிர். அம்பத்தூரில் ஒரு பழைய கட்டடம், இணையத்தில் தேடினால் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அதற்கு எதிரே போய் டீ குடித்தது நான் இல்லை, எனக்கு முன்பே சென்னைக்குப் போன ஒரு பெண். அவள் கொண்டுவந்த சேதி: "அந்த ஆபீஸ் ஆளுங்க கும்பலாத்தான் வருவாங்க, கடை பெஞ்சிலயே கேக் வெட்டுவாங்க, சண்டை போட்டாலும் டீ ஆறதுக்குள்ள ராசியாயிடுவாங்க." லாத்தா எனக்குப் போன் செய்து, "கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்றார். போனேன். இன்றுவரை அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அது காரைக்காலில் இல்லை என்பதைத் தவிர.

இப்படி எல்லோரையும் விசாரித்து விசாரித்து அனுப்பியவருக்கு ஒரு வேலை இல்லை. கேட்டால், "எனக்கு ஊரைவிட்டுப் போற வேலை வேணாம், ஊருக்கு வர்ற வேலை வேணும்" என்பார். நாங்கள் சிரிப்போம். காரைக்காலுக்கு எது வரும்? சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறுக்கு பக்தர்கள் வருவார்கள், மழைக்காலத்தில் புயல் வரும். மென்பொருள் கம்பெனியா வரும்?

அவர் மட்டும் சிரிக்கமாட்டார். காரணம் இருந்தது. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் மூன்று பேரையும் துபாய்க்குக் கூட்டிக்கொள்வதாக அவர் கணவர் முடிவு செய்திருந்தார். நல்ல மனிதர்தான், குடும்பத்தைப் பிரிந்து எத்தனை வருஷம் இருப்பார் பாவம். "அதுக்குள்ள உனக்கு ஊர்ல ஒரு வேலை அமைஞ்சா சொல்லு, நான் வற்புறுத்தல" என்றும் சொல்லியிருந்தார். லாத்தா எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"அங்க போனா நல்ல வீடு, நல்ல ஸ்கூலு, எல்லாம் இருக்கும். நான் என்னா பண்ணுவேன்? நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு, அவங்க எப்ப வருவாங்கன்னு உக்காந்திருக்கணும். இந்த ரூமும் பூட்டிடும். இங்க இருக்கிற பொம்பளப் புள்ளைங்களை யாரு பாப்பா?"

பெண் பிள்ளைகள் என்று அவர் சொன்னதில் முதல் ஆள் கௌசல்யா. கிளிஞ்சல்மேட்டுப் பெண். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு மூளை வேகம். ஆனால் வீட்டில் வெளியூர் அனுப்பமாட்டார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் மேலோ கோபம் வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

அந்தக் கௌசல்யாவுக்குத்தான் வந்தது அந்த வேலை. புதுச்சேரியில் ஒரு கம்பெனி, டாக்டர்கள் கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தார்கள். கௌசல்யா வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நினைத்து விண்ணப்பித்தாள், தேர்வு எழுதினாள், தேறினாள். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து சேரவும் என்று கடிதம் வந்தது. தினமும் வரவேண்டுமாம்.

நான் அந்த வாரம் அறுவடைக்காக ஊருக்கு வந்திருந்தேன். அறைக்குப் போனால் கௌசல்யா மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். லாத்தா போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தக் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டார். பேசியது ஒரு கோயம்புத்தூர்க்காரர் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. புதுச்சேரிக்கு வந்து அலுவலகம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம்.

"சொல்லுங்க, கௌசல்யாங்களா? லோக்கல்தானுங்களே, திங்கக்கிழமை வர்றதுல ஏதாவது சிரமங்களா?"

"நான் கௌசல்யாவோட அக்கா பேசறேன் சார். லோக்கல்தான். எந்த லோக்கல்னு பாத்தீங்களா?"

"காரைக்கால்னு போட்டிருந்ததுங்க. மாநிலம் புதுச்சேரி. இங்க பீச்சுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஏரியான்னு..."

அறையில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். எங்களுக்கு இது புதிதில்லை. வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் எங்களைப் புதுச்சேரியின் ஒரு தெரு என்று நினைத்து, "பத்து நிமிஷத்துல வந்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். லாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரே அரசாங்கம்தான் சார். ஆனா நடுவுல கடலூர் இருக்கு, சிதம்பரம் இருக்கு, சீர்காழி இருக்கு. அதெல்லாம் தமிழ்நாடு. நாங்க உங்க ஊர்க்காரங்கதான், உங்க ஊருக்கு வர ரெண்டு எல்லையைத் தாண்டணும்."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம். பிறகு, "அடக் கடவுளே, மேப்பைப் பாக்காம உட்டுட்டமுங்க" என்று ஒரு சிரிப்பு.

"தப்பு உங்க பக்கம். அதனால சரி பண்ண வேண்டியதும் நீங்கதான். புள்ள அங்க வராது சார், வேலையை இங்க அனுப்புங்க. அது மட்டும் இல்ல. இங்க ஒரு ரூம் இருக்கு, நெட் இருக்கு, இவளை மாதிரி இன்னும் புள்ளைங்க இருக்கு. ஊரைவிட்டு வராதே தவிர வேலையில குறை வெக்காது. நேர்ல வந்து ஒரு தடவை பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எப்படித்தான் அப்படிப் பேசினாரோ! மேஜைக்குக் கீழே முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த கை எங்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. முதலாளி அடுத்த சனிக்கிழமை எப்படியும் திருநள்ளாறுக்குச் சனீஸ்வரனைத் தரிசிக்க வருவதாகவும், மத்தியானம் எட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார். போனை வைத்ததும் எல்லோரும் கத்தினோம். லாத்தா என் பக்கம் திரும்பினார்.

"நீ சென்னைக்குத் திரும்பறப்ப பஸ் புதுச்சேரி வழியாத்தானே போகும்?"

"லாத்தா, நெஞ்செரிச்சல்..."

"எறங்கி ஒரு டீ குடிச்சுட்டுப் போ."

புதுச்சேரியில் அந்த அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருந்தது ஓர் அம்மாள். நான் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா, பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

"இல்லம்மா, எங்க காரைக்கால் பொண்ணு ஒண்ணு அங்க வேலைக்குச் சேரப் போகுது."

"அந்தக் கோயம்புத்தூரு சாரா? சின்னப் பசங்களைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாரு. போன மழைக்கு கரண்ட் போச்சு. ஆளுங்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிட்டு, அவரு மட்டும் இங்க வந்து பஜ்ஜி தின்னுக்கிட்டு மழையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தாராளமா அனுப்புங்க."

லாத்தாவிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்த அம்மாள் அன்று சாயங்காலமே முதலாளியிடம், "சார், காரைக்கால்லேருந்து வந்து உங்களைப் பத்தி விசாரிச்சுட்டுப் போறாங்க" என்று போட்டுக்கொடுத்துவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கே எங்கள் கீழ்க்கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாடியில் நாங்கள், கீழே அவர். அவருக்கும் லாத்தாவுக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் கடை திறந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, மாடியில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. லாத்தா ஜன்னலைத் திறந்து கத்துவார். அவர் அண்ணாந்து பார்த்து, பதிலுக்குச் சத்தத்தைக் கூட்டுவார். இது வாராவாரம் நடக்கும் திருவிழா.

அந்தச் சனிக்கிழமைக்கு நான் மறுபடி ஊருக்கு வந்துவிட்டேன். வராமல் முடியுமா? பெண்கள் அறையைக் கழுவி, நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். கீழே வழக்கம்போல் பாட்டு அலறியது. லாத்தா ஜன்னலுக்குப் போனார்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாளாவது குறைங்களேன்! எங்க பொழப்பே இன்னிக்குத்தான் இருக்கு!"

"எனக்குத் தெனமும் பொழப்பு இருக்கும்மா!"

லாத்தா ஜன்னலைப் படாரென்று சாத்தினார். வருகிறவருக்குச் சூடாக வடை வாங்கிவர என்னைக் கீழே அனுப்பினார். நான் வடைச் சட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, வேட்டி, ஈரத்தலை, நெற்றியில் திருநீறோடு ஒருவர் வந்து டீ சொன்னார். இரண்டு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, மேல மாடியில ஒரு அம்மா, பொண்ணுங்கெல்லாம் வர்றாங்களாமே. ஆளுங்க எப்படிங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. மத்தியானம் வருகிறேன் என்றவர் இப்போதே வந்து, அதுவும் போயும் போயும் யாரிடம் விசாரிக்கிறார் பாருங்கள்! சைகை காட்டலாம் என்றால் கீழ்க்கடைக்காரர் என் பக்கமே பார்க்கவில்லை. ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தி வந்தவரை உச்சி முதல் பாதம் வரை அளந்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க. கௌசல்யான்னு ஒரு பொண்ணு..."

"ஓ..." என்று இழுத்தார் கீழ்க்கடைக்காரர். கை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். நான் அந்தக் கடையில் பாட்டு நின்று பார்த்ததே இல்லை. "புரிஞ்சுது. கேக்கறது முறைதான். நல்லா கேட்டுக்கங்க. தங்கமான புள்ள. அவங்கப்பா கடலுக்குப் போயி படிக்க வெச்ச புள்ள. தலை நிமிராம வரும், போகும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் கூட்டிக்கிட்டுப் போயி அடுப்படியில உக்கார வெக்கிற எண்ணம் இருந்தா இப்பவே கெளம்பிடுங்க. அது கம்ப்யூட்டர் வேலை பாக்கிற புள்ள. வேலைக்கு அனுப்பணும்."

வந்தவர் கண்ணை விரித்தார். மறுத்து ஏதோ சொல்லப்போய், பேசாமல் டீயைக் குடித்தார்.

"மேல ஒரு அம்மா இருக்குன்னீங்களே," என்று கீழ்க்கடைக்காரர் தொடர்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அதுக்கும் எனக்கும் ஆகாது. ஊருக்கே தெரியும். அதோட வாய் இருக்கே, காலையில ஜன்னலைத் தொறந்தா எனக்கு அர்ச்சனைதான். ஆனா பொய் சொல்லக் கூடாது. அது ஒரு புள்ளையை ஒரு எடத்துக்கு அனுப்புதுன்னா, எந்த ஊரா இருந்தாலும் ஆளை விட்டு விசாரிக்காம அனுப்பாது. உங்களையும் விசாரிச்சிருக்கும். விசாரிச்சும் உங்களை வாங்கன்னு சொல்லியிருக்குன்னா, நீங்க நல்ல மனுஷனாத்தான் இருக்கணும். இன்னொரு டீ போடட்டா?"

"போடுங்க," என்றார் வந்தவர்.

நான் வடையை மறந்துவிட்டு மாடிக்கு ஓடினேன். மூச்சு வாங்க, "வந்துட்டாரு, கீழ விசாரிக்கிறாரு" என்றேன்.

"கீழயா? அவருகிட்டயா? யா அல்லா!" லாத்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "முடிஞ்சுது. காலையிலகூட ஒரு சண்டை போட்டேனே."

மீதியை நான் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம். கோயம்புத்தூர்க்காரர் கதவருகே நின்று கைகூப்பினார்.

"நீங்க எங்க ஆபீஸுக்கு எதிர்ல விசாரிச்சீங்க. நானும் இங்க கீழ விசாரிச்சுட்டனுங்க. எல்லாம் நல்லாத்தான் சொன்னாரு. ஒரு கண்டிஷன்தான், கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணை வேலைக்கு அனுப்பணுமாம்."

"யாருக்குக் கல்யாணம்?" என்று அலறினாள் கௌசல்யா.

நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்த அறை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! லாத்தா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார். அதன்பிறகு முதலாளி தன் லேப்டாப்பைத் திறந்து, பல நாளாகத் தன் ஆட்களுக்குப் பிடிபடாத ஒரு கோளாறைக் காட்டினார். நோயாளிகளுக்குக் கொடுத்த முன்பதிவு தேதி சில கிளினிக்குகளில் மட்டும் மாறிப்போகிறதாம். அவ்வளவுதான், பெண்கள் அவரை மறந்துவிட்டார்கள். ஒருத்தி இதுதான் என்றாள், இன்னொருத்தி உன் தலை என்றாள், கௌசல்யா இருவரையும் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முதலாளி ஓரமாக நின்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு பிடிபட்டபோது கைதட்டிய முதல் ஆள் அவர்தான்.

கிளம்பும்போது லாத்தா அவரை விடவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். கௌசல்யாவுக்குக் குடுத்த எடத்துல முன்னாடி யாரு இருந்தா? ஏன் போனாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைக்கு எட்டியதை வாய்க்குள் போட்டுக்கொள்ளாமல் இப்போதா இந்தக் கேள்வி? அவர் திகைத்து, பிறகு போனை எடுத்தார். "அந்தப் பையன் மேல படிக்கக் கனடா போயிட்டானுங்க. நம்பர் தர்றேன், நீங்களே கேட்டுக்குங்க." லாத்தா நம்பரை வாங்கிக்கொண்டார். கேட்கவும் கேட்டார்.

பங்குதாரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனவரிடமிருந்து தகவல் இல்லை. கௌசல்யாவுக்கு மட்டும் வீட்டிலிருந்து வேலை என்று உறுதியானது, அதற்கே ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தோம். அறையைப் பற்றி, லாத்தாவைப் பற்றி ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை ஆரம்பித்தது. துபாயிலிருந்து பயணச்சீட்டு எந்தத் தேதிக்குப் போடலாம் என்று கேட்டுச் செய்தி வந்தது. லாத்தா எங்களுக்கு வழக்கம்போல் முகவரிகளை அனுப்பிக்கொண்டிருந்தார், நாங்கள் வழக்கம்போல் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அந்த நாட்களில் வேலையே ஓடவில்லை.

கடைசிப் பரீட்சையன்று மத்தியானம், அம்பத்தூரில் சோற்றுப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது குழுவில் லாத்தாவின் ஐந்து வரி வந்தது.

"வேலை: கிளினிக் மென்பொருள். கோடிங் தெரிந்தவர்கள் தேவை.
ஊர்: காரைக்கால். ஆமாம், நம்ம காரைக்கால். நம்ம மாடி.
யாருக்குக் கீழே: எனக்கு. அதனால் நல்லா யோசிச்சுக்குங்க.
முன்னால் யார் இருந்த இடம்: யாரும் இல்லை. எல்லாம் புது நாற்காலி.
எதிர்க்கடை: எதிரில் இல்லை, கீழே. போய் ஒரு டீ குடிச்சு என்னைப் பத்தி விசாரிச்சுட்டு மேலே வாங்க."

எழுந்து நின்று கத்திவிட்டேன். சோறு கவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டார்கள். ஊருக்கு வந்துவிட்டது ஐயா, வேலை ஊருக்கு வந்துவிட்டது! பயணச்சீட்டை அவர் கணவரே வேண்டாமென்று நிறுத்தி, அந்த லீவுக்குத் தானே கிளம்பி வந்தாராம். புது அலுவலகத்துக்கு முதல் டீயைக் கீழ்க்கடைக்காரர் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்ததாகவும், இறங்கிப் போய் மறுபடி பாட்டைச் சத்தமாக வைத்ததாகவும் கௌசல்யா எழுதினாள்.

நான் அந்த ஐந்து வரிக்குக் கீழே உடனே பதில் போட்டேன். "நான் வர்றேன் லாத்தா. என்னை எடுத்துக்குங்க."

வந்த பதிலைப் பாருங்கள்.

"உன்னை வளத்ததே நான்தான். ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு தம்பி. உங்க ஆபீஸுக்கு எதிர்க்கடை எது? நாளைக்கு ஆள் வரும்."

இத்தனை வருஷத்தில் எங்கள் அலுவலக எதிர்க்கடையில் நான் ஒரு டீ வாங்கிக் குடித்ததே இல்லை. கேக் வெட்டும்போது மட்டும் கும்பலோடு தலைகாட்டிவிட்டு, காபிக்காக நாலு தெரு தள்ளி நடந்துபோகிறவன் நான். அந்த மாஸ்டருக்கு நான் யாரென்றே தெரியாது. தெரியாத ஆளைப் பற்றி அவர் என்ன சொல்லுவார்?

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். கடை வாசலில் நின்று, மாஸ்டரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பெயரைச் சொல்லி, எந்த மாடி என்று கையைக் காட்டி, ஒரு டீ சொன்னேன். ஸ்ட்ராங்காகவே போட்டுக் கொடுத்தார். கடைசிச் சொட்டுவரை நின்று குடித்தேன். நெஞ்சு எரிந்தது. எரியட்டும், நான் ஊருக்குப் போகிறேன்.